நட்டநடுப் புள்ளி

நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில், கழிவறைக்கும் உடைந்த நாற்காலிகளை அடைத்து வைத்த அறைக்கும் இடையில் ஒரு சின்ன அறை இருக்கிறது. தலை நரைத்த பின்னும் அதிலேயே உட்கார்ந்திருப்பவள் படக்காரம்மா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊரின் வரைபடங்களைப் போடுகிறவள், ஆகவே படக்காரம்மா. குழாய்க்காரர், விளக்குக்காரர், அடைப்பு எடுக்கிறவர் எல்லோருக்கும் அப்படித்தான்.

மண்ணுக்கு மேலே ஊர் எப்படி இருக்கிறது என்று அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. அடியில் எப்படி என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். குடிநீர்க் குழாய் நீலம், சாக்கடை பழுப்பு, மின்கம்பி மஞ்சள். எந்த மூலையில் எது எதைக் கடக்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில். வெளியாட்கள் பார்த்தால் வாந்தி எடுத்த மாதிரி இருக்கும் அந்தக் காகிதத்தை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துத்தான் மூக்குக்கண்ணாடியின் தடிமன் வருடத்துக்கு வருடம் ஏறியது.

அவளுடைய வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எல்லா வினையும் அதில்தான் தொடங்கியது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் உடைந்துவிட்டது, தெருவெல்லாம் தண்ணீர் என்று யாராவது தொலைபேசியில் புகார் சொல்வார்கள். எந்த வட்டாரம் என்று சொல்வார்கள். கதவு எண்ணைக் கேட்பதற்குள் பட்டென்று வைத்துவிடுவார்கள். கணினியோ இடம் எங்கே, இடம் எங்கே என்று அடம் பிடிக்கும். புள்ளி வைக்காமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. வேலை குவிந்து கிடந்த ஒரு நாள், படக்காரம்மா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். விலாசம் இல்லாத புகாரையெல்லாம் அந்தந்த வட்டாரத்தின் நட்டநடுவில் வைத்துவிடுவது. கூடவே தொலைபேசி எண் இருக்கும். குழாய்க்காரர் கூப்பிட்டு எந்த வீடு என்று கேட்டுக்கொள்வார். யாருக்கு என்ன நஷ்டம்? மேலதிகாரி ஒருவரும் கேட்கவில்லை. நாளடைவில் அவள் கை தானாகவே அங்கே போய்ப் புள்ளி வைத்துவிட்டு வந்தது. மூளைக்கு அதில் வேலையே இல்லாமல் போயிற்று.

பதினோராம் வட்டாரத்தின் நட்டநடு எங்கே விழுந்தது தெரியுமா? அவளுடைய அக்கா வீட்டுத் தெருவில். அதுவும் அக்கா வீட்டுக்காரரின் மோட்டார் கடை வாசலில்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் படக்காரம்மா அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். மாமா எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கோடு போடுகிற படிப்பு என்று சொந்தக்காரர்கள் மூக்கை நுழைத்தபோது, "கோணல் இல்லாம ஒரு கோடு போட உங்கள்ல யாருக்காவது வருமா?" என்று கேட்டு அத்தனை பேரையும் வாயடைக்க வைத்தவர். கடையின் மேசையில் பாதியைத் துடைத்து அவளுடைய வரைபலகைக்குக் கொடுத்தவர். கல்யாணம் அவளுக்குக் கைகூடவில்லை. அவளும் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. விடுமுறை நாளானால் அக்கா வீட்டுச் சாப்பாடு, மாமாவின் வாய். அது போதுமாக இருந்தது.

அப்படி ஒரு விடுமுறை நாளில்தான் நட்டநடு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா! இத்தனை நாளா என்னைச் சும்மா ஆளுன்னு நெனச்சிட்டிருந்த. நான் வட்டாரத்துக்கே மையம்!"

"ஆமா, பெரிய மையம்," என்றாள் அக்கா. "கடையில ஒழுங்கா உட்கார ஒரு நாற்காலி இல்ல, மையமாம்."

மறுவாரமே கடைக்குப் புதுப் பலகை ஏறியது: நட்டநடு மோட்டார் கடை. ஊர்க்காரர்கள் அவரையே நட்டநடு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் குழாய்க்காரர்கள் விஷயம் தெரியாமல் படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்து நிற்பார்கள்.

"சார், உங்க வாசல்ல குழாய் உடைஞ்சிருக்காமே?"

"என் வாசல்ல குழாயே கிடையாதுப்பா. அது என் கொழுந்தியா படத்துல மட்டும்தான் உடைஞ்சிருக்கு. வந்தது வந்துட்ட, உட்காரு, டீ குடிச்சிட்டுப் போ."

இப்படி டீ குடித்துவிட்டுப் போனவர்கள் கணக்கில்லை. அது அந்த வீட்டின் நிரந்தரமான வேடிக்கை.

மாமாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்தது பிறகுதான். வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மையத்துக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அதற்கும் அவரிடம் பேச்சு இருந்தது. "ஊரு மோட்டாருக்கெல்லாம் நான் ரீவைண்டிங் பண்றேன். எனக்கு அவங்க பண்றாங்க. கணக்கு சரியாப் போச்சு." ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டாவது தவறினால் மூச்சு முட்டும். இது வீட்டில் எல்லோருக்கும் பாடம். அதனால் எது தவறினாலும் அது மட்டும் தவறியதில்லை.

அப்புறம் அந்த நோய் வந்தது. எல்லா ஊருக்கும் வந்த மாதிரிதான் வந்தது; முதலில் செய்தியில், பிறகு பக்கத்து ஊரில், பிறகு நம் தெருவில். அதுவரை படக்காரம்மாவின் அறைப் பக்கம் எட்டிப் பார்க்காத பெரிய அதிகாரி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். இவருக்கு அலுவலகத்தில் ரகசியப் பெயர் அடர்த்தி. எந்தப் படத்தைக் காட்டினாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கலர் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வரட்டும் என்பார். அதற்கு மேல் படத்தைப் பற்றி அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நோய் எங்கெங்க இருக்குன்னு ஒரு படம் வேணும்மா. மேலேர்ந்து தினம் கேக்கறாங்க. பாத்த உடனே புரியணும். எங்க சிவப்பு ஜாஸ்தியோ அங்க அடைச்சிடலாம்."

படக்காரம்மாவுக்கு உள்ளூர ஒரு பெருமிதம். பொய் சொல்வானேன்? காலமெல்லாம் சாக்கடைக்குப் பழுப்பு அடித்த கைக்கு, உயிரைக் காப்பாற்றுகிற வேலை வந்திருக்கிறது. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் கணினி தானே சிவப்பைக் கொட்டும். விலகி இருக்கும் இடம் வெளிறிக் கிடக்கும். ராப்பகலாக உட்கார்ந்து போட்டாள். முதல் படம் செய்தியில் வந்த அன்று, அக்காவைக் கூப்பிட்டு, "பாத்தியா, அது நான் போட்டது," என்று சொன்னாள்.

ஆனால் பரிசோதனை முகாமிலிருந்து வந்த விவரங்கள் லட்சணம் கெட்டவை. பாதிப் பேருக்கு விலாசம் இல்லை. எழுதுகிறவருக்கு நேரமில்லை என்பது ஒரு காரணம். ஜனங்கள் சொல்லவில்லை என்பது பெரிய காரணம். கதவு எண்ணைச் சொன்னால் கதவில் தாள் ஒட்டுவார்கள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், பால்காரர் வாசலுக்கு வரமாட்டார். வட்டாரத்தை மட்டும் சொல்லிவிட்டு நழுவினார்கள். பதினோராம் வட்டாரத்து ஆட்கள் இதில் கில்லாடிகள்.

கணினி வழக்கம்போல இடம் எங்கே என்று அடம் பிடித்தது. படக்காரம்மாவின் கை வழக்கம்போல நட்டநடுவுக்குப் போயிற்று.

இதில் இன்னொரு வம்பு இருக்கிறது. ஒரே இடத்தில் எத்தனை புள்ளி வைத்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கண்ணுக்கு ஒரே புள்ளியாகத்தான் தெரியும். கணினி மட்டும் அத்தனையையும் எண்ணிச் சிவப்பைக் கொட்டும். ஒரு காலை அவள் படத்தைத் திறந்தபோது பதினோராம் வட்டாரத்தின் நடுவில் ரத்தக் கட்டி மாதிரி ஒரு சிவப்பு. அக்கா தெரு!

 தன் கை வேலை என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை பாருங்கள். குழாய்ப் புகாருக்கு வைத்துப் பழகிய புள்ளி வேறு, உயிர் போகிற நோய்க்கு வைக்கிற புள்ளி வேறு என்று மனசு எங்கேயோ பிரித்து வைத்திருந்தது போல. உடனே அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வாசலைத் தாண்டாத. உங்க தெருவுல ஏகப்பட்ட பேருக்கு வந்திருக்கு."

"யாருக்குடி? எதிர்வீட்டுக்காரி இப்பத்தான் மாடியில துணி காயப்போட்டுட்டுப் பாட்டுப் பாடிட்டுப் போறா. தையல்காரர் வீட்டுல ஒரு தும்மல் சத்தம்கூட இல்ல."

"மறைக்கிறாங்கக்கா! ஜனங்க மறைக்கத்தான் செய்வாங்க. உனக்கு அடுத்த வீட்டு விஷயம் எப்படித் தெரியும்? படம் பொய் சொல்லாது."

 படித்தவள் சொல்கிறாள் என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மத்தியானமே அடர்த்தி மாடியேறி வந்து சிவப்பின் மேல் விரலை வைத்தார்.

"இது உறுதிதானேம்மா? அடைச்சிடலாமா?"

"உறுதி சார்."

இந்த இரண்டு வார்த்தை போதும், ஒரு மனுஷியின் மிச்ச ஆயுளைத் தின்ன. அவளுக்கு அப்போது அது தெரியாது. அக்காவையும் மாமாவையும் காப்பாற்றுகிறோம் என்று சத்தியமாக நம்பித்தான் சொன்னாள். மறுநாள் தெருவின் இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்குத் தகரம் நின்றது.

உண்மையை அவிழ்த்தது ஒரு வேடிக்கைப் பேச்சு. பழைய குழாய்க்காரர் ஒருவர் ஏதோ வால்வு விஷயமாக மாடிக்கு வந்தார். சுவரில் ஒட்டியிருந்த சிவப்புப் படத்தைப் பார்த்ததும் முகமூடிக்குள்ளேயே சிரித்தார்.

"என்னம்மா, இந்தத் தடவ நட்டநடு கடையில நோய் உடைஞ்சிருச்சா? டீ குடுக்கறாரா?"

படக்காரம்மாவும் சிரிக்கப் போனாள். பாதியில் சிரிப்பு நின்றது. அவர் போகும் வரைகூடப் பொறுக்காமல் கணினியில் அந்தச் சிவப்பின் நடுவைத் தொட்டாள். ஒன்றன்கீழ் ஒன்றாக விவரங்கள் இறங்கின. விலாசம் இல்லை. விலாசம் இல்லை. விலாசம் இல்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வட்டாரமே கூடி ஒளித்த நோய் முழுவதும் மாமாவின் கடை வாசலில் குவிந்து கிடந்தது. அந்தத் தெருவின் பெயரோடு, கதவு எண்ணோடு ஒரே ஒரு நோயாளி? தேடித் தேடிப் பார்த்தாள். ஒருவர் கூட இல்லை.

அதே நேரத்தில் தொலைபேசி அடித்தது. மாமா.

"நல்லாத்தான் போட்டிருக்க, படம். எடுப்பா இருக்கு."

"எங்க மாமா பாத்தீங்க?"

"மையத்துல. தகரத்துக்காரன்கிட்ட சீட்டைக் காட்டிக் கெஞ்சித்தான் வெளிய வந்தேன். இத்தனை வருஷமா என் கையில ஊசி குத்தின பொண்ணு, இன்னிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு உன் படத்தைக் காட்டுது. சிவப்புத் தெருக்காரங்களை உள்ள விடக் கூடாதாம். பெரிய ஆஸ்பத்திரியில நோய்க்காரங்களுக்குன்னு ஒரு மிஷின் இருக்காம், அங்க போகணுமாம். எனக்குத்தான் நோய் இல்லையேம்மான்னேன். தெருவுக்கு இருக்கேன்னு சொல்லுது."

 "மாமா, உங்க தெருவுல நோயே இல்ல. அது நான் வச்ச நடுப்புள்ளி. விலாசம் தெரியாதவங்களையெல்லாம்..."

 அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு.

"அட, குழாய்க்காரன் வந்த கதையா? அப்ப வந்தவனுக்கு டீ குடுத்து அனுப்பினேன். இவனுங்க தகரம் அடிச்சிட்டு டீயும் வேணாங்கறானுங்க." சிரித்து முடித்தபின் குரல் இறங்கியது. "சின்னவளே, சீக்கிரம் மாத்திடு. இன்னிக்குத் தப்பிப் போச்சு. நாளை மறுநாளைக்குள்ள நான் நம்ம மையத்துக்குப் போயாகணும். அந்த நோய் வார்டு வேணாம். எனக்கு இருக்கற உடம்புல அது வந்தா தாங்காது."

இரண்டிரண்டு படியாக இறங்கி அடர்த்தியின் அறைக்கு ஓடினாள். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முந்தாநாள் நீங்கதானேம்மா உறுதின்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார்."

"உங்களுக்கென்ன, தப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. நான் மேலே என்னன்னு சொல்றது? அடைச்ச தெருவுல நோயே இல்லைன்னா நாளைக்குச் செய்தியில நாறடிச்சிடுவான். இருக்கற நோயை மறைக்கறோம்னு ஒருத்தன் சொல்வான், இல்லாத நோயைக் காட்டறோம்னு இன்னொருத்தன் சொல்வான்."

"அப்ப விலாசம் இல்லாததையெல்லாம் படத்துலேர்ந்து எடுத்துடலாம் சார்."

"எடுத்தா எண்ணிக்கை குறையும். குறைஞ்சா ஏன் குறைஞ்சதுன்னு கேப்பாங்க."

"அந்த வட்டாரத்துலயே பெரிய குடிநீர்க் குளம் இருக்கு சார். அதுல வச்சிடறேன். அங்க வீடே கிடையாது."

அடர்த்தி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "குடிதண்ணியிலயா? உங்களுக்கு என்ன ஆச்சும்மா? ஊரே வீதிக்கு வந்துடும்." பிறகு குரலைத் தணித்து, பெருந்தன்மையோடு, "விலாசம் கிடைச்சா மாத்துங்க, நான் வேண்டாங்கல. கிடைக்காதது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்," என்றார். பூசி மெழுகி அனுப்புவதில் அந்த ஆளை மிஞ்ச ஆளில்லை.

மேலே வந்து உட்கார்ந்தாள். அக்கா கூப்பிட்டாள். அக்காவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நீ வச்ச புள்ளிதானேடி? கொஞ்சம் தள்ளி வையேன்."

"எங்க தள்ளி வைக்கிறது அக்கா? எங்க வச்சாலும் அங்க ஒரு வீடு இருக்கே."

"எங்க வீடு வீடில்லையா?"

 தள்ளி வைத்திருக்கலாம். யாருக்கும் சொல்லாமல் அடுத்த தெருவுக்குத் தள்ள அரை நிமிடம் ஆகாது. அடுத்த தெருவிலும் ஒரு மாமா கையை நீட்டிக்கொண்டு எங்கேயாவது போக வேண்டியவராக இருப்பார் என்று நினைத்தாள். அது உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. அவளுக்கு அடர்த்தியிடமும் பயமாக இருந்தது. ஏன் நகர்த்தினாய், யார் சொல்லி நகர்த்தினாய், உன் சொந்தக்காரர் வீடாமே என்று கேட்டால்? இரண்டு பயத்துக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டாள்.

அவளால் முடிந்தது ஒன்றுதான். விலாசம் இல்லாத ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தாள். பாதி எண்கள் பொய். மீதியில் பாதி அணைத்துக் கிடந்தன. எடுத்தவர்களில் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருவர் இருமிக்கொண்டே, தனக்கு இருமலே இல்லை என்று அடித்துச் சத்தியம் செய்தார். ஒரு பெண் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பேசினாள்.

"விலாசம் சொன்னா வாசல்ல ஒட்டுவீங்க. வாடகை வீடுங்க. காலி பண்ணச் சொல்லிட்டா புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போவேன்?"

"நீங்க சொல்லாததால வேற ஒருத்தர் வாசல்ல ஒட்டிட்டாங்கம்மா. அவர் உடம்புக்கு முடியாதவர். அவரை ஆஸ்பத்திரியில உள்ள விடமாட்டேங்கறாங்க."

 பெருமூச்சு கேட்டது.

"பாவம்தாங்க. ஆனா அவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்களே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

படக்காரம்மாவுக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்புறம் யோசித்தால், தான் மட்டும் என்ன? படத்தில் சிவப்பாக இருந்த மற்ற தெருக்களில் யார் இருக்கிறார்கள் என்று தனக்கு மட்டும் தெரியுமா? அக்கா தெரு சிவக்கும் வரை ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தாளா?

மாமா இரண்டாவது தடவையும் தவறவிட்டார். முகமெல்லாம் வீங்கி, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் ராத்திரி முழுக்க மூச்சுக்குத் தவித்ததாக அக்கா சொன்னாள். விடிந்ததும் வேறு வழியில்லாமல் தகரத்தின் ஓர் ஓரத்தைத் திறந்து வண்டி வந்தது. நோய்க்காரர்கள் இருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வண்டியில் மூன்றாவது ஆளாக அவரையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. நோய் வார்டின் நடுவில் அந்த மிஷின். பக்கத்துப் படுக்கையில் ஒருவர் நுரையீரலே வெளியே வந்துவிடுகிற மாதிரி இருமிக்கொண்டிருந்தாராம். அங்கிருந்து மாமா பேசினார்.

"பயப்படாத. இங்கயும் என்னை நடுவுலதான் போட்டிருக்காங்க. ராசி."

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார். அவள் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுதுகொண்டே கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே புள்ளிகளை நகர்த்தினாள். கெஞ்சினாள், மிரட்டினாள், சிலரிடம் பொய்யும் சொன்னாள். ஒவ்வொரு விலாசமாகக் கிடைக்கக் கிடைக்க, நட்டநடுவிலிருந்து புள்ளிகள் கழன்று தங்கள் தங்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. சிவப்பு இளஞ்சிவப்பாயிற்று. இளஞ்சிவப்பு வெளிறியது. ஒரு காலை படத்தைத் திறந்தபோது மாமாவின் தெரு வெறும் தாளாகக் கிடந்தது. அவள் எழுந்து நின்று கைதட்டாத குறை.

அடர்த்தி வந்து பார்த்தார். அவருக்கும் ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா! தகரம் அடிச்சதுமே எப்படி அடங்கிப் போச்சு! இதைத்தான் மேலே காட்டணும். முன்னாடி படம், பின்னாடி படம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க."

அவள் என்னத்தைச் சொல்ல? போட்டுக் கொடுத்தாள். அந்த ஜோடிப் படம் செய்தியில் வந்தது. தகரம் இறங்கியது. மையத்துக்காரர்களும், இனி வரலாம் என்று அக்காவுக்குத் தகவல் சொன்னார்கள்.

அன்றைக்கு மாமாவுக்குக் காய்ச்சல் தொடங்கி மூன்றாவது நாள். அந்த வார்டில் கிடந்தவருக்கு வேறென்ன வரும்? கணினியையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அவள் அந்த வாரத்தை ஓட்டினாள். வார முடிவில் மாமா போய்விட்டார். முகத்தைக் காட்டவில்லை, உடம்பைக் கொடுக்கவில்லை. துணி மூட்டை மாதிரி கட்டி எங்கேயோ கொண்டுபோய் முடித்துவிட்டு, முடிந்தது என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

அக்கா வெகுநேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

"கடைசி வரைக்கும் அவர் உன்னை ஒரு வார்த்தை திட்டலடி. அவருக்கும் சேத்து நான் திட்டணும்னுதான் எடுத்தேன். வாயில வரமாட்டேங்குது. இனிமே இங்க சாப்பிட வராத."

வைத்துவிட்டாள்.

துக்கத்துக்கு விடுப்பு கேட்டால், யார் படம் போடுவது என்று கேட்டார்கள். மறுநாள் காலை அறைக்கு வந்து அன்றைய விவரங்களைத் திறந்தாள். மாமா முதல் வரியில் இருந்தார். வயது, ஆண், இறப்பு. விலாசம் முழுசாக இருந்தது. கதவு எண், தெரு, கடைப் பெயர் உட்பட ஒன்று விடாமல். அக்கா சொல்லி எழுதியிருப்பாள். அவளுக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. இத்தனை நாளில் அந்தத் தெருவில் கணினி ஒரு தடவைகூட இடம் எங்கே என்று கேட்காமல் வைத்துக்கொண்ட புள்ளி அதுதான். பழைய நட்டநடுவை ஒட்டினாற்போல, ஒரு மயிரிழை தள்ளி. அந்தத் தெருவின் முதல் நோயாளி. முதல் நிஜமான நோயாளி.

அடர்த்தி படியேறி வந்தார். வெளிறிய தெருவில் ஒற்றைப் புள்ளியைப் பார்த்ததும் மேசையில் தட்டினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, அங்க இருக்குன்னு! நீங்கதான் இல்ல இல்லைன்னு குதிச்சீங்க. படம் சரியாத்தான் காட்டியிருக்கு."

"இருக்கு சார்," என்றாள் படக்காரம்மா. அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது. "நாமதான் கொண்டுபோய் வச்சோம்."

அவர் காதில் அது விழுந்ததோ இல்லையோ, தொலைபேசியை எடுத்துக் கீழே யாரிடமோ பேச ஆரம்பித்திருந்தார். இறக்கின தகரத்தை மறுபடி ஏற்றச் சொன்னார். போகும்போது திரும்பி, அந்த இடத்துல கலர் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வரட்டும் என்றார்.

மத்தியானம் தகரம் ஏற்றிய வண்டி கீழே வந்து நின்றது. ஓட்டுநர் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள மாடிக்கு வந்து வாசலில் நின்றார்.

"அதே தெருதானேம்மா? நட்டநடு கடை?"

தகரத்துக்கு அந்தப் பக்கம் அக்கா தனியாக இருப்பாள்.

"ஆமா," என்றாள். "கடை பூட்டியிருக்கும். அக்கா வீடு அதுக்கு அடுத்த கதவு. ஆணி அடிக்கறப்ப சத்தம் போடாம அடிங்க."